பதினோரு கெட்

ஆங்கிலத்தைக் கண்டுபிடித்தவன் படு சோம்பேறியாக இருந்திருக்க வேண்டும். நமக்கு ஏறு என்றால் ஏறு, இறங்கு என்றால் இறங்கு. கொண்டு வா, வாங்கு, எழுந்திரு, ஒதுங்கு, புரிந்துகொள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறோம். அவனோ இத்தனைக்கும் சேர்த்து 'கெட்' என்று ஒன்றை வைத்துவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டான். அவன் மட்டும் என் கையில் அகப்பட்டால் பங்களா விறகுக் கட்டையால் நாலு சாத்து சாத்துவேன்.

என் பெயர் லூயிசா. வேலூர் மிஷன் போர்டிங்கில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தங்க வயலில் பென்ரோஸ் கேப்டன் பங்களாவில் ஆறு வருஷமாக ஆயா. கேப்டன் என்றால் பட்டாளத்துக் கேப்டன் இல்லை, சுரங்கத்துக்குள் இறங்கி ஆட்களை வேலை வாங்குகிற துரைக்கு இங்கே அந்தப் பெயர். சீமையில் கார்ன்வால் என்கிற பக்கத்துக்காரர். பத்து வயதிலேயே அங்கே ஒரு தகரச் சுரங்கத்தில் இறங்கியவராம். நம் ஆட்கள் வாயில் அவர் பெண்ராசா துரை.

நான் போர்டிங்கில் படித்த ஆங்கிலத்தில் 'கெட்' ஒரே ஒரு தடவைதான் வந்தது. பெறு என்று அர்த்தம் சொன்னார்கள். நானும் நம்பினேன். பங்களாவுக்கு வந்த முதல் வாரமே அந்த நம்பிக்கை நாசமாகப் போயிற்று. துரைசானி பாலைக் கெட் என்பாள், கொண்டு வர வேண்டும். குழந்தையைக் கெட் அப் என்பாள், எழுப்ப வேண்டும். குழந்தை தூங்கிவிட்டதா என்பதற்கும் கெட், துணி நனைகிறது என்பதற்கும் கெட், துரை குண்டாகிவிட்டார் என்பதற்கும் கெட். சீமையிலிருந்து கடுதாசி வந்தால் அதுவும் கெட். நான் சொன்னது உனக்கு விளங்கிற்றா என்று கேட்பதற்கும் அதே சனியன்தான்.

ஒருநாள் குழந்தைக்கு நான் நரி மாதிரி ஊளையிட்டுக் காட்டினேன். துரைசானி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு 'கெட் அலாங் வித் யூ' என்றாள். நான் துணியை மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வேலை போயிற்று என்று ஒரு பாட்டம் அழுதும் முடித்தேன். பிற்பாடு பட்லர் ஓடி வந்து, அது செல்லமாகச் சொன்னது, வா என்று கூட்டிக்கொண்டு போனான். செல்லத்துக்கும் கெட், துரத்துவதற்கும் கெட்! மனுஷி பிழைப்பதா வேண்டாமா?

இதெல்லாம் என் தலையோடு போயிருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் தலையிலும் விழுந்தது.

அவர் பெயர் இன்பராஜ். வாயால் சொல்லக் கூடாது என்பார்கள், எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவர் டிம்பர் மேஸ்திரி. சுரங்கத்துக்குள் மேல்பாறை இறங்காமல் இருக்க மரங்களை முட்டுக் கொடுத்து நிறுத்துகிற கேங்குக்குத் தலைவர். கேங்கில் பன்னிரண்டு பேர். எல்லாரும் குடியாத்தம் பக்கம் அவருடைய சேரிக்காரர்கள், பாதிப் பேர் சொந்தம். இவர்தான் கூட்டிக்கொண்டு வந்தார். குடியாத்தம் ரயிலடியில் பன்னிரண்டு பேருடைய தாய்மாரும் பெண்டாட்டிமாரும் நின்று அழுதபோது, இவர் ஒவ்வொருத்தி கையையும் பிடித்து, "உசிரோட கூட்டிக்கினு போறேன், உசிரோட கொண்டாந்து உடறேன்" என்று சத்தியம் செய்தார். எனக்குக் கல்யாணமாகி அப்போது மூன்று மாதம். நானும் பக்கத்தில் நின்றேன்.

போன ஆவணியில் ஒரு காகிதம் வந்தது. மேலே இருக்கிற துரைமார் எல்லாரும் கூடி முடிவு செய்தார்களாம். இனிமேல் ஆட்களை வைத்து வேலை வாங்குகிற ஒவ்வொரு மேஸ்திரியும் ஆபத்துக் காலத்துக் கட்டளைகள் இருபதையும் ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பத்து நாள் கெடு. அடுத்த சனிக்கிழமை கேப்டனே சோதனை வைப்பார். தேறாதவர் மேஸ்திரி இல்லை, அவருடைய கேங் வேறு மேஸ்திரி கைக்குப் போகும்.

டிம்பர் கேங்குக்கு அந்த வேறு மேஸ்திரி யார் என்பது நாங்கள் குடியிருக்கிற கூலி லைன் முழுக்கத் தெரியும். தசரதன். வேறொரு துரையிடம் எட்டு வருஷம் பட்லராக இருந்து ஆங்கிலம் பொரிந்து தள்ளுகிறவன். முட்டு மரத்துக்கும் முருங்கை மரத்துக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. போன மழைக்கு அவனிடம் கொஞ்ச நாள் ஒரு கேங்கைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் கோணித்துணியில் சுருட்டித்தான் மேலே வந்தார்கள். ஆகவே சோதனையில் என் வீட்டுக்காரர் தேறவில்லையென்றால் போவது மேஸ்திரிப் பட்டம் இல்லை, ரயிலடியில் செய்த சத்தியம்.

காகிதத்தை வாங்கிப் படித்தேன். இருபது கட்டளையில் பதினொன்று கெட்.

காலை ஷிப்டு முடிந்து அவர் மூன்று மணிக்கு மேலே வருவார். நான் ஐந்து மணிக்குப் பங்களாவிலிருந்து வருவேன். அடுப்பில் களிக்கு உலை வைத்துவிட்டுப் பாடம் ஆரம்பிப்பேன். அவர் ஒன்றும் மக்கு இல்லை. மக்காக இருந்தால் நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவர் யோசிக்கிற ஆள். அதுதான் வம்பு.

"கெட்னா இன்னா?"

"கொண்டா."

"சரி. கெட் அவுட்?"

"வெளிய போ."

"அது எப்டி? கெட்னா கொண்டா, அவுட்னா வெளிய. வெளிய கீறத கொண்டா, அப்டிதான வரணும்?"

"வராது."

"கெட் டவுன்னா கீழ கீறத கொண்டா?"

"இல்லீங்க! கீழ குனி, படு."

"கெட் பேக்? பேக்குன்னா முதுவுன்னு நீதான சொன்ன? முதுவ எங்கேந்து கொண்டாறது?"

"பின்னால போன்னு அர்த்தம்!"

"அப்போ இந்தக் கெட்டுக்கு ஒரு அர்த்தமும் இல்ல. பக்கத்துல எது வந்து குந்துதோ அதும் புத்திக்குப் போவுது."

அவர் சொன்னது சரிதான். அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது. "உங்க மண்டையில இன்னாதாங்க கீது?" என்று கத்தினேன். கட்டினவரைத் திட்டும்போதும் ங்க போட்டுத்தான் திட்ட வேண்டியிருக்கிறது, பாருங்கள். அப்படித்தான் வளர்த்துவிட்டார்கள்.

போதாக்குறைக்கு அவருக்கு ஒரு பழக்கம். கையில் சின்னச் சுத்தி இருந்தாலும் சரி, வெறும் விரல் முட்டியானாலும் சரி, மரத்தைக் கண்டால் தட்டுவார். தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். சுரங்கத்துக்குள் முட்டு மரம் நன்றாக இருக்கிறதா, பாரம் தாங்காமல் உள்ளே முறிகிறதா என்று சத்தத்திலேயே தெரியுமாம். தெரியட்டும். அதற்கு வீட்டு நிலைக்கால் என்ன பாவம் செய்தது? பாடம் நடுவே நான் தொண்டை கிழியக் 'கெட் ஹோல்ட்' என்றால் பிடித்துக்கொள் என்று விளக்கிக்கொண்டிருப்பேன், அவர் டொக் டொக் என்று நிலையைத் தட்டி உச்சியைப் பார்ப்பார்.

நாலாம் நாள் அப்படித்தான். அவருடைய சித்தப்பா முனிரத்தினம் மாமா வாசலில் குந்திக் களி தின்றுகொண்டிருந்தார். கேங்கில் வயதில் மூத்தவர் அவர்தான். இவர் ஏதோ யோசனையில் நிலைக்காலை இரண்டு தட்டு தட்டி, கொஞ்சம் விட்டு, மூன்றாவதாக ஓங்கி ஒரு தட்டு தட்டினார். அவ்வளவுதான். கிழவர் களி வட்டிலோடு தெருவுக்குப் பாய்ந்துவிட்டார். குழம்பு பூராவும் பக்கத்து வீட்டுப் பார்வதம்மாவின் தட்டி மேல்.

"டேய், அத்த எதுக்குடா ஊட்ல தட்ற! உசிரே பூட்ச்சிடா எனக்கு!"

"மறந்துட்டேன் சித்தப்பா" என்று இவர் தலையைச் சொறிந்தார். நான் மறுபடியும் களி போட்டுக் கொடுத்தேன். எனக்கு இருந்த எரிச்சலில் அது என்ன தட்டு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

ஆறாம் நாள் வேறு கூத்து. சொன்னால் போதாது, நடித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு யோசனை. நான் மூலையில் நிற்பேன், மேலே பாறை இறங்குகிறது, அவர் என்னைப் பார்த்துக் கட்டளை போட வேண்டும். முதலில் முனகினார். "எம்மாம் சத்தத்துல வேல நடக்குது உள்ள? இப்டி முனுமுனுத்தா எவனுக்குக் கேக்கும்? கத்துங்க!" என்றேன். கத்தினார். சும்மா சொல்லக் கூடாது, கூரைத் தகரம் அதிர்ந்தது.

"கெட் அவுட்! லூயிசா! கெட் அவுட்!"

அடுத்த நிமிஷம் வாசலில் பார்வதம்மா. அவள் பின்னால் ஏழெட்டுப் பெண்கள்.

"இன்னாப்பா நீ, கட்னவள வெளிய போன்ற? அவ சம்பாரிச்சுக் கொட்றாளே, அந்த நன்றிகூட இல்லியா?"

லைனில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்த ஒன்று மட்டும் எல்லாருக்கும் தெரியும். ஆபீஸ் வாசலில், ஆஸ்பத்திரி வாசலில், பங்களா கேட்டில் என்று எங்கேயாவது ஒரு தடவை வாங்கியிருக்கிறார்கள். நான் பாடம் என்று சொல்லிச் சமாதானம் செய்வதற்குள் களி அடிப்பிடித்துவிட்டது. "பேர்லயே கெட்டதுன்னு கீது, இத்தப் போயி ஊட்டுக்குள்ள சொல்லிக்கினு" என்று பார்வதம்மா முனகிக்கொண்டே போனாள்.

ஆனாலும் அன்றைக்கு எனக்குத் தெம்பு வந்தது. குரல் வந்துவிட்டது. பத்தாம் நாள் காலையில் இருபதையும் தலைகீழாகக் கேட்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. என்னைப் பார்த்துக் கத்தியதில் என் காது இரண்டும் ரீங்காரம் போட்டது. போர்டிங்கில் எனக்குப் பரிசு கொடுத்தபோதுகூட அத்தனை சந்தோஷப்படவில்லை.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு மர யார்டில் சோதனை. கேப்டன் பங்களாவுக்கும் யார்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். அப்பாவைப் பார்க்க அழுகிறது என்று துரைசானியிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் போய் நின்றேன். குழந்தை பாவம், அழவேயில்லை.

யார்டு நடுவில் இரண்டு முட்டு மரங்களை நட்டு, மேலே ஒரு குறுக்கு மரத்தை ஏற்றி, லெவல் என்கிற சுரங்க வழிக்குள் இருக்கிற மாதிரி ஒரு சட்டம் கட்டி வைத்திருந்தார்கள். மேலே பத்துப் பன்னிரண்டு கட்டைகள் பாரத்துக்கு. கேங் ஆட்கள் பன்னிரண்டு பேரும் மர அடுக்குகள் மேலும் சட்டத்தைச் சுற்றிலும் குந்தியிருந்தார்கள். தசரதன் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வேலியில் சாய்ந்திருந்தான். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவன் மாதிரி ஒரு சிரிப்பு.

முதலில் பாறைக்கு வெடிமருந்து வைக்கிற மேஸ்திரி ராஜப்பா. அவர் பட்டாளத்தில் இருந்தவர். விறைப்பாக நின்று இருபதையும் படபடவென்று கத்தினார். தேறினார்.

அடுத்து என் வீட்டுக்காரர். கேப்டன் நாற்காலியிலிருந்து எழுந்தார். நேராகப் போய் அந்தச் சட்டத்துக்குக் கீழே நின்றுகொண்டார். என்னைப் பார்த்து, "ஆயா, அவனிடம் சொல். நான் அவன் கேங்கில் ஒருத்தன். மேலே மரம் முறிகிறது. என்னை வெளியேற்றச் சொல்" என்றார். நான் தமிழில் சொன்னேன்.

இவர் துரையைப் பார்த்தார். தலைப்பாகையை அவிழ்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். இரண்டு கையையும் கூப்பி, முதுகை வளைத்து, லீவு கேட்கிற குரலில் சொன்னார்.

"சார்... ப்ளீஸ் சார்... கெட் அவுட் சார்..."

தசரதன் சத்தம் போட்டுச் சிரித்தான்.

கேப்டன் சிரிக்கவில்லை. "நான் செத்தாயிற்று. அவன் ப்ளீஸ் சொல்லி முடிப்பதற்குள் செத்தாயிற்று. இன்னொரு தடவை" என்றார்.

நான் பொறுக்க மாட்டாமல் கத்தினேன். "எங்கிட்ட கூர பறக்கக் கத்துனீங்களே! அதே மாதிரி கத்துங்க! இன்னா வந்துது உங்களுக்கு?"

வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு அவரைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. பத்து நாள்! பத்து நாள் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியது! பன்னிரண்டு உயிர்! அதைவிட ஒரு சார் பெரிதாகப் போயிற்றா?

என் பக்கத்து மர அடுக்கில் குந்தியிருந்த முனிரத்தினம் மாமா மெதுவாகச் சொன்னார். "அவன இன்னாத்துக்குத் திட்ற? உங்க மாமனாரு எதுக்கு அடி வாங்னாருன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னார், அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. ஊரில் பெரிய வீட்டுக்காரர் பனைமரத்தடியில் நின்றிருக்கிறார். மேலேயிருந்து காய்க்குலை அறுந்து வருகிறது. வரப்பில் நின்ற மாமனார் பார்த்துவிட்டு, "தள்ளு! தள்ளு!" என்று கத்தியிருக்கிறார். அவரும் விலகினார், பிழைத்தார். சாயங்காலம் மாமனாரைப் புளிய மரத்தில் கட்டி அடித்தார்கள். உயிரைக் காப்பாற்றியது இருக்கட்டும், சேரிக்காரன் தள்ளுங்க சாமி என்று சொல்லாமல் தள்ளு என்று எப்படிச் சொல்லலாம்? இவருக்கு அப்போது ஏழு வயது. அடி முடிகிறவரை பக்கத்தில் நிற்க வைத்திருந்தார்களாம்.

என் புத்தியைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். பத்து நாளும் பெண்டாட்டியை எதிரே நிறுத்திக் கத்த வைத்திருக்கிறேன். பெண்டாட்டியைப் பார்த்துக் கத்த எந்த ஆம்பிளைக்குப் பாடம் வேண்டும்? கெட் அவுட் என்பதை எங்கள் காது மேலேயிருந்துதான் வாங்கியிருக்கிறது. கீழேயிருந்து மேலே எப்படிச் சொல்வது என்று நான் சொல்லித் தரவேயில்லை. எனக்கே தெரியாது.

துணிந்து கேப்டனிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். "சார், நீங்கள் நிற்க வேண்டாம். அவர் ஆட்களில் ஒருவரை நிறுத்துங்கள். சொல்வார்."

"மலைக்குக் கேப்டன் யார், கூலி யார் என்று தெரியாது ஆயா. நானும் அதற்குள் போகிறவன்தான். என்னை வெளியேற்றத் தெரியாதவன் கையில் நான் எப்படி ஆட்களைக் கொடுப்பது?" என்றார் அவர். அதுவும் நியாயம்தான். எல்லார் பக்கமும் நியாயம் இருந்தால் யாரைத்தான் திட்டுவது? "கடைசித் தடவை. அதற்கப்புறம் கேங் தசரதனுக்கு" என்றார்.

நான் தமிழில் சொன்னேன். தசரதன் என்ற பெயர் வந்ததும் கேங் ஆட்கள் பன்னிரண்டு பேரும் இவரைப் பார்த்தார்கள். இவர் அவர்கள் ஒவ்வொருத்தரையும் பார்த்தார். மறுபடியும் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு என்னவோ, தலை தானாக நிமிர்ந்து சட்டத்தின் உச்சியைப் பார்த்தது. கை தானாக இடுப்புக்குப் போய்ச் சின்னச் சுத்தியை உருவியது. முட்டு மரத்தில் வைத்தார்.

டொக் டொக்.

கொஞ்சம் விட்டு, ஓங்கி ஒன்று.

மர அடுக்கின் மேலிருந்தவர்கள் குதித்தார்கள். சட்டத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவர்கள் இரண்டே எட்டில் வேலிக்கு வந்தார்கள். முனிரத்தினம் மாமா தசரதனையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போனார், அவனுடைய வெள்ளைக் கோட்டு செம்மண்ணில் புரண்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள் யார்டு நடுவில் இவரைத் தவிர ஒருத்தரும் இல்லை.

கேப்டனும் இல்லை.

அவர் தன் நாற்காலியையும் தாண்டிப் பதினைந்தடி தள்ளி, முழங்கால் வளைந்து, இரண்டு கையும் தலைக்கு மேல் வைத்து நின்றுகொண்டிருந்தார். அவருடைய தொப்பி மட்டும் சட்டத்துக்குக் கீழே கிடந்தது. அந்தத் தொப்பி மேல் ஒன்றும் விழவில்லை. மரம் கல் மாதிரி நின்றது.

குழந்தை மட்டும் கெக்கெக்கே என்று சிரித்தது. நான் அதன் வாயைப் பொத்தினேன். கேப்டனுக்கு முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது. தொலைந்தோம் என்று நினைத்தேன். கூலி ஆட்கள் முன்னால் துரையை ஓட வைத்துவிட்டு இந்த வயலில் யார் குடித்தனம் நடத்த முடியும்?

அவர் மெதுவாகக் கையை இறக்கினார். சட்டத்துக்குத் திரும்பி வந்தார். இவர் தட்டின இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"ஏழாம் லெவல்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. மாமாதான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். போன மழைக்கு ஏழாம் லெவலில் வேலை நடக்கும்போது கேப்டனும் வந்திருந்தாராம். துளை போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேச்சே கேட்காது. அதனால்தான் இந்தத் தட்டு. மரம் வழியாகக் காலுக்கும் முதுகுக்கும் தெரியும். அன்றைக்கு இவர் தட்டினார், எல்லாரும் ஓடினார்கள், துரையும் கூட ஓடினார். எட்டு மூச்சு விடுவதற்குள் அவர்கள் நின்ற இடம் மூடிவிட்டது. இருட்டிலும் புழுதியிலும் தட்டினது யார் என்று துரை கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

"எங்கிட்டகூடச் சொல்லலியே!" என்றேன்.

"நீ பயப்புடுவ" என்றார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

கேப்டன் என்னைக் கேட்டார். "அது இவனா?" நான் ஆமாம் என்றேன். பிறகு சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார், அந்த இருபது கட்டளைக் காகிதம். பென்சிலால் அதன் அடியில் இருந்த இவர் பெயருக்கு நேரே என்னவோ போட்டார். "ஆயா, அவன் ஆட்கள் அவனிடமே இருக்கட்டும். சொல்" என்றார். நான் சொல்லி முடிப்பதற்குள் மாமா ஓவென்று அழ ஆரம்பித்தார்.

இவர் குனிந்து துரையின் தொப்பியை எடுத்தார். மண்ணைத் துண்டால் துடைத்தார். இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து நீட்டினார். கேப்டன் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, போகிற போக்கில் இவரைப் பார்த்து, "கெட் ஆன் வித் இட்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"இன்னா சொன்னாரு?" என்று இவர் பதறிப்போய் என்னிடம் வந்தார்.

"போயி உங்க வேலையப் பாருங்கன்றாரு."

"அதுக்குமா கெட்டு?"

"அதுக்கும் கெட்டுதான்."

"அந்தக் காகிதத்துல இல்லியே!"

"இல்ல" என்றேன். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இடுப்பில் குழந்தை இருந்ததால் ஒரு கையால் அடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தேன். வட்டிலை முன்னால் வைத்துக்கொண்டு அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பத்து நாள் பாடத்துக்கும் சேர்த்து ஒரு மூச்சு திட்டித் தீர்க்க வேண்டும் என்று யார்டிலிருந்தே வைத்திருந்தேன். என் தொண்டை கட்டியதுதான் மிச்சம், பதினோரு கெட்டில் ஒன்றாவது உதவிற்றா?

"லூயிசா, தொரைய நான் ஓட வச்சேன் இல்ல?" என்றார்.

"ஓட வச்சீங்க."

"சார் சொல்லல, ங்க போடல."

"வாயே தொறக்கலியே, எங்கேந்து போடறது?"

"ஆமா." கொஞ்ச நேரம் களியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். "எங்க நைனாவும் அன்னிக்கி வாயத் தொறக்காம இருந்திருக்கலாம். எத்தயாச்சும் தட்டியிருக்கலாம். அவரு பக்கத்துல மரமே இல்ல லூயிசா. வரப்புல நின்னாரு."

அவர் அழுது நான் பார்த்ததில்லை. வட்டிலில் கண்ணீர் விழுந்தது. ஏழு வயதிலிருந்து அந்தப் புளிய மரத்தடியிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வைத்திருந்த திட்டெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

"ஆறிப்போவுது, சாப்புடுங்க" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து பழக்கத்தால்தான் அந்த ங்க போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மனசாரப் போட்டேன்.